ராயபுரத்தில் ஒரு பழைய வீடு: இடிப்பதா, தூக்குவதா, பாதியை வைத்துக்கொள்வதா?

அந்த வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். கட்டிய காலத்தில் மூன்று படி ஏறித் திண்ணையை மிதித்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அந்த மூன்று கருங்கல் படிகளும் எங்கும் போய்விடவில்லை, தெருவுக்கு அடியில் கிடக்கின்றன. சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரை ஊற்றிக்கொண்டு போனதில் தெரு வளர்ந்தது, வீடு அப்படியே நின்றது. பழையதைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அரசு கண்டிப்பாகச் சொன்னது. ராயபுரத்துச் சந்துகளைப் பொறுத்தவரை அது பேரனுக்குக் கல்யாணமான பிறகு தாத்தாவுக்கு வந்த வரன்.

எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் மூன்று பேர்: நான், என்னுடன் படித்த தோழி, வரைபடம் போடும் ஒரு தம்பி. பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அரிசிக்கடையின் மாடியில் இருக்கிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “இடித்துவிட்டுக் கட்டினால் சதுர அடி என்ன ஆகும்?” இந்தக் குடும்பமும் அப்படித்தான் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணன், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி, இருவரின் மனைவிமார், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. ஆக ஏழு பேர்.

வீடு கல்மண்டபத்துக்குக் கிழக்கே, கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மனை அரைக் கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. முகப்பு 16 அடிதான், ஆழம் 75 அடி. இரு பக்கச் சுவர்களும் பக்கத்து வீடுகளோடு பொதுச் சுவர்கள். முன்பகுதி 38 அடி வரை 1930களில் கட்டியது: மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போடும் மெட்ராஸ் டெரஸ் தளம், சுண்ணாம்புச் சுவர். அதற்குப் பின்னால் முற்றம் இருந்திருக்கிறது. 1986இல் அப்பா முற்றத்தையும் பின்கட்டையும் எடுத்துவிட்டு, கான்கிரீட் தளம் போட்டுச் சமையலறை, குளியலறை, ஒரு படுக்கையறை கட்டினார்.

வரும்போதே வீட்டுக்குள் கட்சி பிரிந்திருந்தது. அண்ணனுக்கு பில்டரிடம் கொடுத்து ஆளுக்கொரு அடுக்ககம் வாங்கிக்கொள்ள ஆசை. தம்பிக்கு இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். தெருக்கோடி மேஸ்திரி, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எதுவுமே வேண்டாம்.

முதலில் பில்டர் கணக்கைப் பார்த்தோம், ஏனென்றால் அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 2019ஆம் ஆண்டு வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி இப்படிப்பட்ட சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்பு மனையைப் போல இரண்டு மடங்கு. 1,200க்கு 2,400 சதுர அடி. தெருவின் அகலம், விட வேண்டிய இடம் எல்லாம் போக அதுவும் முழுதாகக் கிடைப்பது அரிது. கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு 1,200, அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு 600. அதில் மாடிப்படியின் பங்கு, சுவரின் பங்கு எல்லாம் அடக்கம். இப்போதே அவர்கள் வசம் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. புதிதாகக் கிடைப்பது ஏறக்குறைய ஓர் அறை, இழப்பது மனையில் பாதி. கீழே வண்டி நிறுத்த இடம் விட்டால் அம்மா மாடியேற வேண்டும். இரு பக்கமும் பொதுச் சுவர் என்பதால் நடுவில் விழும் அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. இரண்டு மூன்று கிரவுண்டு மனையும் அகலமான தெருவும் இருக்கிறவர்களுக்கு இந்த ஒப்பந்தம் நியாயமாக அமையலாம். 16 அடி முகப்புக்கு அது சரிவராது என்று அண்ணனிடம் நேராகச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. பத்திரம் தாத்தா பெயரில். அவர் உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் பங்கு உண்டு. திருவொற்றியூரில் இருக்கும் அத்தையின் கையெழுத்து இல்லாமல் எந்த பில்டரும் ஒப்பந்தம் போட மாட்டார், எந்த வங்கியும் கடன் தராது. இதை நாங்கள் சொல்லும்வரை அத்தையை யாரும் கணக்கில் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜாக்கி விஷயம் அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. வீட்டைத் தூக்குவதைப் பலர் இன்னும் வித்தை காட்டுவது போலப் பார்க்கிறார்கள், ஆனால் சென்னையில் அது வழக்கமாகிவிட்ட வேலை. ஹரியானாவிலிருந்து இதற்கென்றே குழுக்கள் வருகின்றன. சுவரை ஒட்டித் தோண்டி, கடைக்காலுக்கு மேலே சுவருக்கு அடியில் இரும்புச் சேனலைச் செருகி, அதன் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஒரே அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி உயர்த்துவார்கள். உயர உயர அடியில் செங்கல்லும் கான்கிரீட்டும் நிரப்புவார்கள். நாலு பக்கமும் இடம் விட்டு, சிமென்ட்டில் கட்டிய, தளம் நன்றாக இருக்கிற தனி வீடு என்றால் நானே இதைத்தான் சொல்வேன். இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் நல்ல லாபம். ஆனால் பொதுச் சுவர் உள்ள வீட்டை எப்படித் தூக்குவது? நம் வீட்டைத் தூக்கினால் பக்கத்து வீட்டின் பாதியும் கூடவே எழும்ப வேண்டும். மேஸ்திரியிடம் இதைக் கேட்டபோது, “அவர்களிடமும் பேசிப் பாருங்களேன்” என்றார். நல்ல மனிதர்.

மீதி இரண்டு. இடித்துப் புதிதாகக் கட்டுவது, அல்லது இருப்பதைச் சரிசெய்து மாற்றியமைப்பது. இதற்குத்தான் நான்கு நாட்கள் ஆயின.

தம்பியின் வாதம் எளிமையானது. வீட்டுக்கு வயதாகிவிட்டது, மேலிருந்து காரை கொட்டுகிறது, ஓதம் ஏறுகிறது, மழைக்குத் தண்ணீர் வருகிறது. அவர் சொன்ன எல்லாமே உண்மை. எங்கே கொட்டுகிறது என்று காட்டச் சொன்னோம். நேராகப் பின்பகுதிக்கு அழைத்துப் போனார். சமையலறைத் தளத்தின் அடிப்பக்கம் ஒரு முறம் அளவுக்குப் பூச்சு விழுந்து, உள்ளே கம்பிகள் தெரிந்தன. ஒரு கம்பியை விரலால் தேய்த்தேன். துரு பொரிப்பொரியாக உரிந்து கையோடு வந்தது. அந்தக் கம்பிக்குக் கீழே கான்கிரீட் மூடியிருந்த கனம் அரை அங்குலம்கூட இல்லை. தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். “வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான், கண்ணு. அப்போதே உப்பு கரிக்கும்” என்றார்.

காரணம் அவ்வளவுதான். உப்பு நீரில் குழைத்த கான்கிரீட், மேலே கடற்காற்று, மெல்லிய மூடல். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், பருத்தால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி, எம்30 என்ற வலிமைத் தரமும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. இதை வைத்துக்கொண்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் விலை எழுதித் தரும் ஒப்பந்தக்காரரிடம் எந்தத் தரம், எத்தனை மூடல், என்ன தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள். தம்பி வாங்கி வந்திருந்த மூன்று விலைப்பட்டியல்களில் டைல்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது, குழாய் கம்பெனியின் பெயர் இருந்தது. கான்கிரீட் தரம் ஒன்றில்தான் இருந்தது, அதுவும் அதைவிட வலிமை குறைந்த எம்20. 1986இல் அப்பா செய்த அதே வேலையை இன்னும் பளபளப்பாகச் செய்து தரத் தயாராக இருந்தார்கள்.

பிறகு முன்பகுதிக்கு வந்தோம். அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்கள் ஐந்து, அவற்றின் மேல் நெருக்கமாகக் கட்டைகள், கட்டைகளுக்கு மேலே சாய்சாய்வாகச் செங்கல் வரிசை. மெட்ராஸ் டெரஸ் செங்கல் சாதாரணச் செங்கல் போல இராது. ஓர் அங்குலக் கனம், உள்ளங்கை அகலம். அதைக் குத்துவாட்டில் நிறுத்தி, கட்டைகளுக்கு மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள், கீழே சென்ட்ரிங் கிடையாது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். கடைசியாகத் தட்டோடு. இத்தனையிலும் துருப்பிடிக்க ஒரு கம்பி கிடையாது. அதனால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே தொண்ணூறு ஆண்டுகள் நிற்கிறது.

இந்தத் தளத்துக்குச் சாவு வந்தால் அது உத்திரத்தின் முனையில்தான் வரும். சுவருக்குள் செருகிய முனையில் ஈரம் சேர்ந்து உளுத்துப்போகும், வெளியே தெரியும் நடுப்பகுதி கல்லாக இருக்கும். ஏணி போட்டு ஐந்து உத்திரங்களின் பத்து முனைகளையும் சுத்தியால் தட்டினோம், சுவரோரமாக ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார்த்தோம். எட்டு முனைகள் கணீரென்றன. இரண்டு மட்டும் பொத்தென்று ஒலித்தன, ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அந்த இரண்டும் ஒரே உத்திரத்தின் முனைகள், கடைசி உத்திரம். அதாவது பழைய தளமும் 1986ஆம் ஆண்டுத் தளமும் சேருகிற இடம். சுண்ணாம்பும் கான்கிரீட்டும் வெயிலுக்கு வெவ்வேறு விதமாக நீளும், சுருங்கும். இரண்டையும் ஒட்டிவைத்தால் இணைப்பு விரியும், விரிந்த வழியில் மழைநீர் இறங்கும். பழையதில் கெட்டிருந்ததையும் புதியதுதான் கெடுத்திருந்தது.

சுவரிலும் அதே கதை. ஓதத்தைத் தடுப்பதாக நினைத்து நாலடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும். முகத்தை மூடிவிட்டால் ஈரம் மேலே ஏறி வழி தேடும். சிமென்ட் முடிகிற கோட்டுக்குச் சற்று மேலே, உப்பு வெள்ளையாகப் பூத்து நீளமாக ஒரு பட்டை ஓடியது. விருந்தினர் யாராவது கேட்டால் பெயின்ட் டிசைன் என்று சொல்லிச் சமாளிப்பதாக மருமகள் சொன்னார்.

இடித்துக் கட்டுவதற்கு இன்னும் ஒரு தடை, பக்கத்து வீட்டு உத்திரங்கள். அவையும் இதே பொதுச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுவரைத் தொடக்கூடாது, அதன் கடைக்காலுக்குப் பக்கத்தில் தூணுக்குக் குழி தோண்டவும் பயந்து பயந்துதான் தோண்ட வேண்டும். சுவர்களை விட்டுவிட்டு உள்ளே தூண்கள் எழுப்பினால் 16 அடியில் இன்னும் ஒன்றரை அடி போகும். விலைப்பட்டியல்களில் இதற்கும் இடமில்லை.

தண்ணீர்தான் எல்லோருக்கும் பெரிய பயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் அளவுக்கு நின்றிருக்கிறது. பீரோவின் கால்களுக்கு அடியில் அப்போது வைத்த செங்கற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, எடுக்கத் தைரியம் வரவில்லையாம். தெருவிலிருந்து வந்ததைவிடக் கழிவறைக் கோப்பை வழியாகப் பொங்கி வந்ததுதான் அதிகம் என்றார் மூத்த மருமகள். எந்த வழியைத் தேர்ந்தாலும் தரை தெருவுக்கு மேலே வந்தாக வேண்டும், கழிவுநீர்க் குழாயும் அந்த உயரத்திலிருந்து இறங்க வேண்டும், வெளியே போனது திரும்பாதபடி ஒரு வால்வும் வேண்டும்.

இங்கேதான் பழைய பகுதி கைகொடுத்தது. உள் தரை தெருவைவிட 14 அங்குலம் பள்ளம். இனி தெரு வளர்ந்தாலும் சமாளிக்க இன்னும் ஓர் அடி சேர்த்தால் 26 அங்குலம் நிரப்ப வேண்டும். முன்பகுதி அறைகளின் உயரம் 12 அடி 6 அங்குலம். நிரப்பிய பிறகும் 10 அடி 4 அங்குலம் மிச்சம், இன்று விற்கிற அடுக்ககங்களில் அதைப் பார்க்க முடியாது. 1986ஆம் ஆண்டுப் பகுதியின் உயரமோ 9 அடி. அங்கே நிரப்பினால் தலை இடிக்கும். வெப்பத்துக்காக உயரமாகக் கட்டிய முன்னோர், தாங்கள் அறியாமலே சாலைக் காண்டிராக்டருக்கும் சேர்த்து இடம் விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் வரைந்து காட்டியது ஐந்தாவது வழி. முன்பகுதி இருக்கட்டும், பின்பகுதி போகட்டும். பின்னால் இடிக்கிற செங்கல்லையும் காரையையும் உடைத்து முன் அறைகளில் நிரப்புவது. லாரி வைத்து இடிபாட்டை வெளியே அனுப்பும் செலவும், நிரப்ப மண் வாங்கும் செலவும் ஒரே அடியில் போயின. உப்பு ஏறிய கான்கிரீட்டை மட்டும் வெளியே அனுப்பிவிட வேண்டும். நடுவில் 8 அடிக்கு முற்றம் மறுபடி திறக்கும். அதற்குப் பின்னால் 24 அடி ஆழத்தில் இரண்டு அடுக்காகப் புதுக் கட்டடம், எம்30 கான்கிரீட்டில், உப்பில்லாத வெளித் தண்ணீரில். கடைசியில் 5 அடி விடுவோம். புதியதும் பழையதும் எங்கும் தொடாது, முற்றம்தான் நடுவர். உளுத்த உத்திரத்துக்கு இருபுறமும் இரும்புச் சேனல் வைத்துப் போல்ட் போட்டுத் தாங்குவோம். சிமென்ட் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவோம்.

கூட்டிப் பார்த்தால் முன்னால் 608, பின்னால் இரண்டு தளமும் சேர்த்து 768, மொத்தம் 1,376 சதுர அடி. முழுக்க இடித்து இரண்டு அடுக்காகக் கட்டினால் 1,800 வரை எடுக்கலாம். நானூற்றுச் சொச்சம் சதுர அடி குறைகிறது, அதை மறைக்கவில்லை. வேறு குறைகளும் உண்டு. முன்பகுதியின் மேல் இனி மாடி எழுப்ப முடியாது, அந்தத் தளம் தாங்காது. சுண்ணாம்பு அவசரத்துக்கு அடங்காது, ஊற வேண்டும், காய வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்களுக்குக் காத்திருக்க வேண்டும். மெல்லிய செங்கல் கிடைக்காமல், இடிக்கிற வீடுகளைத் தேடி அலைய நேரும். 2002இல் நில அதிர்வு வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. சுண்ணாம்புச் சுவர்களை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பழுதுபார்ப்புக்குச் சதுர அடிக் கணக்குச் செல்லாது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற வேலை அது. அதற்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னோம். அண்ணன் முகம் சுளித்தார், பிறகு வைத்தார்.

புதுப் பகுதிக்கு அனுமதி வாங்குவதுதான் இதில் எளிது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, உரிமையாளரே சான்று அளித்து அனுமதி பெறும் சுயசான்று முறை இருக்கிறது. அத்தையும் கையெழுத்துப் போட்டார், தனக்கு முற்றத்தைப் பார்த்த அறையில் ஒரு கட்டில் எப்போதும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் கேட்ட ஒரே பங்கு அது.

இப்போது பின்பகுதி இடித்தாகிவிட்டது. முன் வாசலின் தேக்கு நிலையை மேலே உள்ள சுவரை வெட்டி 26 அங்குலம் உயர்த்தியிருக்கிறோம். ஜன்னல்களை அசைக்கவில்லை. மூன்றடி உயரத்தில் இருந்த விளிம்பு இனி புதுத் தரையிலிருந்து 10 அங்குலத்தில் இருக்கும். தெரு எப்போதோ விழுங்கிவிட்ட திண்ணைக்குப் பதிலாக அம்மா அங்கே உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம் என்று தோழி கணக்குப் போட்டிருக்கிறாள்.

அம்மாவுக்கோ கவலை வேறு. நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கிற குடிநீர்க் கைப்பம்பை எடுத்துவிடுவோமோ என்று தினமும் கேட்டார். சம்பும் மோட்டாரும் வருகின்றன, இனி அது தேவைப்படாது என்றேன். “மோட்டார் பிள்ளைகளுக்கு, கண்ணு. பம்பு எனக்கு” என்றார். வெள்ளிக்கிழமை பிளம்பர் குழாயை நீட்டி, புதுத் தரை வரப்போகும் மட்டத்துக்குப் பம்பைத் தூக்கி நிறுத்தினார். தரை இன்னும் நிரம்பவில்லை. அம்மா இரண்டு செங்கல்லை அடுக்கி அதன் மேல் ஏறி நின்று, கைப்பிடியை நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னார்.